கதவோரத்து மஞ்சள் சீட்டு

“சீக்கிரம் படி கோரின், ஆள் வந்துறப் போறான்.”

லுத்தரன் சபைக் கோயிலின் பின்பக்கம், சரளை கொட்டிய வண்டி நிறுத்தும் இடம். உள்ளே ஒரு நல்லடக்கத்துக்குப் பிந்திய சாப்பாடு. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்து வேகிற மணம் வெளியே வரைக்கும் வருகிறது. ஆர்லன் டுவேட்டன் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, யாரோ ஒருவருடைய பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் ஊரில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. அது அவருக்கு வசதியாகப் போயிற்று. இடது முழங்காலில் உலோகம் வைத்திருப்பதால் அவரால் குந்த முடியாது. அதனால் கீழே உட்கார்ந்து, கதவு வந்து மூடுகிற சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டைப் படிக்கிற வேலை அவர் மனைவி கோரினுடையது. ஆளும் சாமானும் சேர்த்து இந்த வண்டியில் இத்தனை பவுண்டுக்கு மேல் ஏற்றாதே என்று அந்தச் சீட்டு சொல்லும். கோரின் துக்கத்துக்கு உடுத்திய நல்ல கறுப்புப் பாவாடையோடு சரளையில் முழங்கால் ஊன்றியிருந்தார்.

“ரெண்டாயிரத்து நூறு.”

“ப்ச். ஆகாது. மூடு, மூடு.”

அதற்குள் வண்டிக்காரர் வந்துவிட்டார். “என்ன ஆர்லன், என் வண்டில என்னத்தத் தொலைச்ச?”

“உன் வண்டி எவ்வளவு தாங்கும்னு உனக்குத் தெரியுமாய்யா?”

“எத ஏத்தினாலும் தாங்கும்.”

“அதான். உன்ன மாதிரி ஆளுங்களாலதான் என் பாலமெல்லாம் போச்சு.”

‘என் பாலம்’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஓய்வு பெறும் வரை கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் சாலை வேலையில் இருந்தவர். ஓடைகளுக்குக் குறுக்கே கிடக்கும் மரப்பாலங்களின் முன்னால் இத்தனை டன்னுக்கு மேல் போகாதே என்று பலகை நடுவது அவர் பொறுப்பு. ஒரு அறுவடையின்போது, கோதுமை லாரி ஒன்று பலகையைத் தாண்டிப் பாலத்தில் ஏறி, பாலத்தோடு ஓடைக்குள் இறங்கியது. கால் முறிந்து கரையேறி வந்த ஓட்டுநர், “நம்பரெல்லாம் சும்மா பயங்காட்டப் போடறதுன்னு நெனச்சேன்” என்றாராம். அன்று முதல் ஆர்லனுக்கு எந்த நம்பரும் சும்மா கிடையாது. பாலம் வந்தால் கண்ணாடியை இறக்கிவிடுவார், பனிக்காலமானாலும் சரி. தண்ணீருக்குள் விழுந்தால் வெளியே வர வழி வேண்டுமாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் விறைத்துப்போக வேண்டியதுதான்.

“ஒருவேளைன்னு ஒண்ணு இருக்கே” என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. மீன் பிடிக்கப் போனால் தூண்டில் ஒன்று, தூண்டில் போனால் என்று இன்னொன்று, இரண்டும் போனால் என்று சாப்பாட்டுப் பொட்டலம். இப்படிப்பட்ட மனிதர் போன இலையுதிர் காலத்தில் ஒரு கேம்பரை வாங்கினார் என்றால் ஊரே ஆச்சரியப்பட்டதில் தப்பில்லை. பிக்கப்பின் முதுகில் உட்கார்கிற சின்ன வீடு அது. அடுப்பு, கட்டில், மேசை எல்லாம் உண்டு. ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டிலுக்குப் பக்கவாட்டில் ஒரு சன்னல். கோரின் அந்தச் சன்னலைப் பார்த்தார், “இதுதான்” என்றார், வாங்கியாயிற்று.

வாங்கிய கேம்பர் முற்றத்தில் நாலு ஒல்லிக் கால்களில் நிற்கிறது. பிக்கப்பைப் பின்னோக்கி அதன் அடியில் விட்டு, கால்களைச் சுருக்கி, வண்டி மேல் இறக்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஆர்லனின் பழைய பிக்கப் அதைத் தாங்காது. புது வண்டி பார்க்க வேண்டும். பனி விழுந்தது, உருகியது, மறுபடி விழுந்தது. கேம்பருக்கு அடியில் மான்கள் வந்து படுக்கக் கற்றுக்கொண்டன.

அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. இந்த விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. விற்றவர் கொடுத்த காகிதத்தில் கேம்பரின் எடை போட்டிருந்தது. ஆர்லன் அதை நம்பாமல், கேம்பரை ஒரு தட்டை வண்டியில் ஏற்றி, கோதுமைக் கிடங்கின் எடைமேடைக்குக் கொண்டுபோனார். காகிதத்தைவிட அறுநூறு பவுண்டு கூட! பாட்டரி, கேஸ் உருளை, வெளியே விரிக்கிற பந்தல், எதையும் அந்தக் காகிதம் கணக்கில் எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பேயைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். கேம்பர், தண்ணீர், சாப்பாடு, துணி, இரண்டு ஆள், அப்புறம் ஒருவேளைக்கான சாமான்கள், எல்லாம் கூட்டி மூவாயிரத்து எழுநூறு பவுண்டு தாங்குகிற வண்டி வேண்டும் என்று முடிவு கட்டினார். கணக்கு முடிய வேண்டுமே என்று கோரினிடம் உடல் எடையைக் கேட்டதும் அந்த வாரம்தான். அதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

வண்டி விற்கிறவர்களுக்கோ இவர் கேட்பது புரிவதே இல்லை. “சார், இந்த வண்டி ஒரு வீட்டையே இழுக்கும் சார்!” என்பார்கள்.

“இழுக்கிறதக் கேக்கல தம்பி. சுமக்கிறதக் கேட்டேன். குதிரை வண்டிய இழுக்கும். அதுக்காக வண்டியத் தூக்கி அது முதுகுல வைப்பியா?”

டீசல் என்ஜின் என்றால் அந்த என்ஜினின் கனமே சுமையில் பாதியைத் தின்றுவிடுகிறது. நாலு கதவு வண்டி என்றால் கதவு தின்றுவிடுகிறது. பின்னால் சாமான் ஏற்றுகிற பெட்டி குட்டையாக இருந்தால் கேம்பரின் கனம் பின்சக்கரத்துக்குப் பின்னால் விழுந்து, வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்கிறது. ஒரே பெயர், ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு வண்டிகளில் சீட்டு வேறு வேறு நம்பர் சொல்கிறது. இதையெல்லாம் காப்பிக் கடையில் சொல்லித்தான் ஆர்லன் ஊரை ஓடஓட விரட்டினார். காலையில் அங்கே தோல் குவளைக்குள் பகடையைக் குலுக்கிப் போட்டு, தோற்றவர் எல்லோருக்கும் காப்பி வாங்க வேண்டும் என்பது வழக்கம். ஆர்லன் கேம்பர் பேச்சை எடுத்தால் பகடையே போடாமல் ஆளுக்கு ஒரு பக்கம் எழுந்து போனார்கள். உட்கார்ந்திருப்பது கோரினின் தம்பி வெண்டல் ஒருவன்தான். அவனும் கேலி பண்ணத்தான் உட்கார்ந்திருப்பான்.

“அத்தான், உங்க வீட்டுக்குக் காலு மொளச்சிருச்சு. நடக்கத்தான் மனசு வரல.”

“நீ பேசுவ. மலையிறக்கத்துல டயர் வெடிச்சா, உள்ள உக்காந்திருக்கிறது உன் அக்காடா.”

“அப்ப கார்ல கூட்டிட்டுப் போங்க. லாட்ஜ்ல தங்குங்க.”

“அவ கேட்டது லாட்ஜ் இல்ல” என்றார் ஆர்லன், குரல் இறங்கிப்போய்.

கோரின் கேட்டது ஒன்றே ஒன்று. மேற்கே ஓரிகன் மாநிலத்துக் கடலில் கரையை ஒட்டி ஒரு பெரிய பாறை நிற்கிறது. வருஷா வருஷம் பஃபின் பறவைகள் அதில் வந்து கூடு வைக்கும். ஆரஞ்சு அலகும், கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் குடுமியுமாக, திருவிழாவில் வேஷம் கட்டியவர் போல இருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் மிளகாய்க் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் பண்ணிப் போட்ட அந்த அம்மாளுக்கு, வெளியே மரத்தில் என்ன பறவை கத்துகிறது என்று எட்டிப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. கடல்பறவை மட்டும் பார்த்ததில்லை. கடலே பார்த்ததில்லை. கட்டிலில் படுத்தபடி, விடியும்போது கண்ணைத் திறந்தால் அந்தப் பாறை தெரிய வேண்டும். நாலு நாளாவது அங்கேயே இருக்க வேண்டும். ஜூலை போனால் பறவைகள் கடலுக்குள் போய்விடும்.

அடுத்த ஜூலைக்குப் போகலாம் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட சின்னக் காகிதம். கோரினுக்கு இடது கண்ணின் நடுப்பார்வை அழிந்துகொண்டு வருகிறது. வலது கண்ணுக்கும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தக் கட்டத்தின் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ மறைந்தாலோ சொல்ல வேண்டும். ஆர்லன் பக்கத்திலேயே நிற்பார், கையில் காப்பி ஆறிப்போகும்.

“எப்படி இருக்கு?”

“வலது நல்லாருக்கு. கோடெல்லாம் நேரா நிக்குது.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்யா. நீ வண்டியப் பாரு.”

வண்டியைத்தானே பார்க்கிறார்! வசந்தம் முழுக்க அவர் தூக்கமில்லாமல் தவித்தார். தப்பான வண்டியை வாங்கி, மலையில் ஏதாவது ஆகிவிட்டால்? சரியான வண்டி கிடைப்பதற்குள் கோடு வளைந்துவிட்டால்? இந்தப் பக்கம் போனாலும் பயம், அந்தப் பக்கம் போனாலும் பயம். இதற்கு நடுவில் கோரினுக்கு ஒரு புதுப் பழக்கம் வேறு வந்திருந்தது. இவர் வண்டி பற்றிப் பேச ஆரம்பித்தால் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு சன்னல் பக்கமோ சுவர்ப் பக்கமோ பார்த்தார். சலித்துப்போய்விட்டாள் என்று ஆர்லனுக்கு உள்ளூர வருத்தம். சலிக்காமல் என்ன செய்வாள்?

மே மாதக் கடைசியில் அந்த அம்மாள் வெடித்தே விட்டார். இன்னொரு வண்டியை, நூறு பவுண்டு குறைகிறது என்று விட்டு வந்த அன்றைக்கு.

“நீ வண்டி தேடல ஆர்லன். போகாம இருக்கக் காரணம் தேடுற.”

“அப்படிச் சொல்லாத.”

“ஜூலை வரைக்கும் பாப்பேன். அப்புறம் பஸ்ஸுல ஏறிப் போயிருவேன். நீ இங்க மானுக்குக் காவல் இரு.”

ஜூன் நடுவில் ஈவர் என்கிற விவசாயி ஒரு வண்டியை விற்கப்போவதாகச் சேதி வந்தது. டவுனுக்குக் குடிபோகிறாராம். எங்கள் ஊர்க்காரர்கள் முக்கால் டன் என்று பேருக்குச் சொன்னாலும் அதைவிட அதிகம் தாங்கும் ரகம், வெள்ளை நிறம், இரண்டே கதவு, பெட்ரோல் என்ஜின், நீளப் பெட்டி. ஆர்லன் பெட்டியை அளவுநாடா வைத்து அளந்தார். ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தார். டயரில் எழுதியிருப்பதை வாசித்துத் தலையை ஆட்டினார். கடைசியாகக் கதவைத் திறந்தார். கோரின் குந்தி உட்கார்ந்தார்.

இந்தத் தடவை நேரம் எடுத்தது. கோரின் சீட்டுக்கு நேராகப் பார்க்காமல் கோதுமை வயல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். என்னத்தைப் பார்க்கிறாள் என்று ஆர்லன் பொறுமையிழந்து காலை மாற்றிப் போட்டார்.

“மூவாயிரத்து எண்ணூத்துச் சொச்சம்.”

“என்ன? மறுபடி படி.”

“காது கேக்கலையா? மூவாயிரத்து எண்ணூறு.”

ஆர்லன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இன்னொரு சுற்றும் வந்தார். சிரிப்பை அடக்கத் தெரியாமல் தொப்பியைக் கழற்றி மாட்டினார். பிறகு ஈவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். எங்கள் பக்கம் கை குலுக்கினால் முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றிப் பேசுகிறவனுக்கு மரியாதை இல்லை. ஈவரின் மனைவி, “ருபார்ப் தண்டு வெச்சு ‘பை’ சுட்டிருக்கேன், இனிப்பா இருக்கும், ஒரு துண்டு சாப்பிடு வா” என்று கோரினை உள்ளே கூட்டிப்போனார். ஈவர் சாவியை எடுக்கப் போனார்.

டயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதும் அந்த மஞ்சள் சீட்டில்தான் இருக்கும். பை சாப்பிடப் போனவரை எதற்குக் கூப்பிடுவது என்று ஆர்லன் தானே பார்க்கத் துணிந்தார். குந்த முடியாது என்பதால் சரளையில் உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டி, அப்படியே மல்லாந்து படுத்துக் கழுத்தைத் திருப்பினார். காற்றின் அளவு தெரிந்தது. அதற்கு மேலே சுமையின் அளவும் தெரிந்தது. மூவாயிரத்து முந்நூறு.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முந்நூறுதான். எட்டு இல்லை, மூன்று.

படுத்த இடத்திலிருந்து பார்த்தால் ஈவர் வீட்டுச் சமையலறையின் தாழ்வான சன்னல் தெரிந்தது. கோரின் மேசையருகே உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு. முகம் தட்டுப் பக்கம் இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. முள்கரண்டி தட்டின் மேல் போய், விளிம்பில் தட்டி, நகர்ந்து, பிறகுதான் பைத் துண்டைக் கண்டுபிடித்தது. அவர் சுவரைப் பார்க்கவில்லை. கண்ணின் ஓரத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் எதுவும் தெரியவில்லை.

ஆர்லனுக்கு இப்போதுதான் புரிந்தது. வசந்தம் முழுக்க அவள் முகம் திருப்பியது சலிப்பால் அல்ல. அவருடைய முகத்தைப் பார்ப்பதற்காக. கோடெல்லாம் நேராக நிற்கிறது என்று தினமும் காலையில் பொய் சொல்லியிருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்தபோது கோபம் ஓடிப்போயிற்று. அந்தப் பயத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரேயடியாக உட்கார்ந்துதான் போயிருப்பார். அப்புறம் இன்னொன்று உறைத்தது. இத்தனை நாளும் அவள் படித்த நம்பர்கள்! நூறு பவுண்டு குறைகிறது என்று விட்டு வந்த வண்டிகளில் எத்தனை சரியான வண்டியோ, கடவுளே.

“என்ன ஆர்லன், வாங்கினதும் படுத்துட்ட?” ஈவர் சாவியோடு வந்து நின்றார்.

“டயர்க் காத்து பாத்தேன்.”

“எதுவும் குறையா?”

ஆர்லன் சன்னலைப் பார்த்தார். “ஒரு குறையும் இல்ல. கையக் கொடு, எந்திரிக்கணும்.”

மறுநாள் காலை வெண்டல் வந்தபோது கேம்பர் வண்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கொட்டகை வாசலில் ஆர்லன் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். மின்சார ஜெனரேட்டர். இரண்டு கருவிப் பெட்டி. இரண்டாவது ஸ்டெப்னி. ஜூன் மாதத்தில், பனியில் வழுக்காமல் சக்கரத்தில் சுற்றுகிற சங்கிலி. விறகு. தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டிருந்தார், புல்வெளி நனைந்துகொண்டிருந்தது.

“அத்தான், என்ன கடையக் கலைக்கிறீங்க? ஒருவேளை வழியில டயர் போனா?”

“ஒரு ஸ்டெப்னி இருக்கு.”

“அதுவும் போனா?”

“உனக்குப் போன் பண்றேன். வந்து மாட்டு.”

வெண்டல் தன் காதையே நம்பாமல், கருவிப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக் கொட்டகைக்குள் தூக்கிப் போனான். சத்தம் கேட்டுக் கோரின் வெளியே வந்தார்.

“எதுக்கு இறக்குற? அதான் எண்ணூறு இருக்கே?”

“இருக்கு, இருக்கு. மலை ஏறணும்ல. லேசா இருந்தா வண்டிக்கு நல்லது.”

கோரின் தலையை லேசாகச் சாய்த்து, கொட்டகைச் சுவரைப் பார்ப்பது போல அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேம்பருக்குள் ஏறி, தான் உயிராக வைத்திருந்த வார்ப்பிரும்புச் சட்டிகளை, ஒன்றில்லை, மூன்றையும் தூக்கி வந்து ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்தார். “இதுவும் கனம்தான்” என்றார். குளிர்ப்பெட்டிக் கதவிலிருந்த காகிதத்தையும் அவர் கிழித்துவிட்டதை ஆர்லன் பிற்பாடு பார்த்தார். 

இறக்கி வைத்த கனம், சீட்டில் குறைந்த நானூறு பவுண்டைவிட அதிகம் என்று ஆர்லன் மனக்கணக்கில் போட்டுத் தெரிந்து வைத்திருந்தார். ஆனாலும் எடைமேடையில் ஏறாமல் ஊரைத் தாண்டுகிற ஆள் இல்லை அவர். கோதுமைக் கிடங்கில் வண்டியை மேடைக்கு மேல் ஏற்றி நிறுத்தினார்.  வழக்கமாக இறங்கிப் போய், எடை போடுகிற டார்லாவின் தோளுக்கு மேலாக எட்டி, திரையில் நம்பர் நிற்கும் வரை பார்த்து, இன்னொரு முறை போடச் சொல்லுவார். அன்றைக்கு வண்டி நின்ற திசையில் கிடங்கின் சன்னல் கோரின் பக்கமாக இருந்தது. டார்லா கையை நீட்டிச் சீட்டைக் கோரினிடம் கொடுத்தாள்.

“பஃபினை நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க!”

“சொல்றேன்டி.”

ஆர்லனின் கை தன்னால் சீட்டுக்கு நீண்டது. பாதி வழியில் நின்று, திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது.

“நீயே படி” என்றார்.

கோரின் சீட்டைக் கண்ணருகே தூக்கினார். முகத்தை வயல் பக்கம் திருப்பினார். காகிதத்தை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார், கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. பின்னால் கோதுமை லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. ஆர்லன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் பிடித்து, சேர்த்து, ஒரு நம்பரைச் சொன்னார்.

“சரியா இருக்கா?” என்று ஆர்லனைக் கேட்டார்.

“ரொம்பச் சரியா இருக்கு.”

ஆர்லன் சீட்டை வாங்கினார். பார்க்காமலேயே நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பையின் பொத்தானைப் போட்டுவிட்டு, வண்டியை மேற்கே எடுத்தார்.